கைப்பிடியும் செல்ஃபும்

தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களின் பேச்சில் 'செல்ஃப்' என்றொரு சொல் உண்டு. 'செல்ஃப் எடுக்கவில்லை' என்பார்கள். 'செல்ஃப் போட்டுப் பார்' என்பார்கள். செல்ஃப் ஸ்டார்ட்டர் என்ற தொடரின் முற்பாதி மட்டும் நம்மிடம் தங்கி, பிற்பாதி உதிர்ந்துவிட்டது. அந்தச் சொல் வருவதற்கு முன்னால் 'ஹேண்டில் அடிப்பது' இருந்தது. வண்டியின் மூக்கில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, தோள்பட்டை தெறிக்கச் சுற்றுவது. பெரும்பாலும் அது கிளீனர் பையன்களின் வேலை. ஓட்டுநர் உள்ளே சாய்ந்து அமர்ந்திருப்பார்.

அண்மையில் எங்கள் வாசிப்புக் கூடுகையில் இ.பி. ஒயிட்டின் 'ஃபேர்வெல், மை லவ்லி' கட்டுரையைப் படித்தபோது இந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் நெடுநேரம் பேச நேர்ந்தது. 1936 மே மாதம் நியூயார்க்கர் இதழில் வெளிவந்த கட்டுரை அது. ஃபோர்ட் நிறுவனத்தின் மாடல் டி காருக்கு எழுதப்பட்ட இரங்கற்பா என்று சொல்லலாம். அப்போது அதன் ஆசிரியர் பெயர் லீ ஸ்ட்ரௌட் ஒயிட் என்று இருந்தது. ரிச்சர்ட் லீ ஸ்ட்ரௌட் என்ற பத்திரிகையாளர் அனுப்பிய படியை ஒயிட் எடுத்துக்கொண்டு, அவர் ஒப்புதலுடன், தன் அனுபவங்களைச் சேர்த்துத் தன் நடையில் திரும்ப எழுதினார். ஒயிட்டுக்கு அந்தக் காரோடு சொந்தப் பழக்கம் இருந்தது. 1922இல் ஹோவர்ட் குஷ்மன் என்ற நண்பருடன் 'ஹாட்ஸ்பர்' என்று பெயரிடப்பட்ட ஒரு மாடல் டியில் அமெரிக்காவின் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போனவர் அவர். ஒருவர் எழுதிய அடிச்சட்டத்தின் மேல் இன்னொருவர் பாகங்களை ஏற்றி முடித்த கட்டுரை. அது பேசும் காரும் அப்படிப்பட்டதுதான் என்பதை எங்களுள் ஒருவர் சுட்டிக்காட்டியபோது சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

ஒயிட் சொல்வதன் சாரம் இது: மாடல் டியை வாங்கியவன் முழுமையான ஒரு பொருளை வாங்கியதாக எண்ணவில்லை, ஒரு தொடக்கத்தை வாங்கியதாகவே எண்ணினான். மீதியை அவன் தன் கொட்டகையில், தன் ஸ்பேனரால் முடித்துக்கொண்டான். நண்பர் ஒருவர் இதில் மிகவும் உருகிப்போனார். வாசகன் பிரதியை நிறைவு செய்வதைப் போல என்றார். இன்னொரு நண்பர், சிறு வயதில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர், வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டுக் கேட்டார்: "அந்தத் தொடக்கத்தில் எத்தனை பேர் மணிக்கட்டு முறிந்தது?"

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து நாங்கள் படித்தவற்றிலிருந்து உருவானது.

*

மாடல் டி 1908 அக்டோபரில் வெளிவந்தது. விலை 850 டாலர். அந்த விலைக்குக் கிடைத்தது எஞ்சின், சட்டம், நான்கு சக்கரங்கள், உட்கார இருக்கை. தொடக்க ஆண்டில் முன்கண்ணாடியும், மேற்கூரைத் துணியும், முன்விளக்குகளும்கூடத் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டியவையாகவே இருந்தன. பெட்ரோல் அளவு காட்டும் கருவி கிடையாது. தொட்டி முன்னிருக்கைக்கு அடியில். இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்குத் தானாகவே வழிந்து போக வேண்டியிருந்ததால், தொட்டியில் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் பட்டினி கிடந்து நின்றுவிடும். காரைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றுவதே வழி. 20 குதிரைத்திறன். 1914 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கறுப்பைத் தவிர வேறு நிறம் இல்லை.

1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஓடும் தயாரிப்பு வரிசை வந்தபின் விலை சரிந்தது. 1925இல் இருவர் அமரும் திறந்த கார் 260 டாலருக்குக் கிடைத்தது. 1927 மே மாதம் தயாரிப்பு நிற்கும்போது ஒன்றரைக் கோடிக் கார்கள் வெளிவந்திருந்தன. உழவர்கள் கார் வாங்கினார்கள் என்பது உலக வரலாற்றில் ஏறத்தாழ முதன்முறையாக நிகழ்ந்தது இந்தக் காரால்தான். இதை மறந்துவிட்டு அதன் குறைகளைப் பட்டியலிடுவது நேர்மையாகாது.

அந்தக் காரைக் கிளப்பும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கின் இடப்புறம் ஒரு நெம்புகோல். அது பொறி எப்போது விழ வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும். வலப்புறத்து நெம்புகோல் பெட்ரோலை. இடப்புறத்ததை முழுக்க மேலே தள்ளிவிட வேண்டும். அதாவது பொறி தாமதமாக விழும்படி. வலப்புறத்ததைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும். பிறகு இறங்கி முன்னால் போய், ரேடியேட்டருக்கு அருகே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி வளையத்தை இழுத்துப் பிடித்தபடி கைப்பிடியை ஓரிரு முறை மெதுவாகச் சுற்ற வேண்டும். அதன்பின் கைப்பிடியை உள்ளே அழுத்தி ஒரே இழுப்பாக மேலே.

பொறி நெம்புகோலை மேலே தள்ள மறந்தவன் கதை வேறு. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே வெடிப்பு நிகழும். எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி, அதைப் பிடித்திருக்கும் கையையும் சேர்த்து, எதிர்த்திசையில் பறக்கும். இதனால்தான் இடக்கையால் இழு, கீழ்நோக்கி அழுத்தாதே, கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வை என்றெல்லாம் அறிவுரைகள் வழங்கின. மருத்துவ நூல்களில் மணிக்கட்டருகே ஆரை எலும்பின் முனை முறிவதற்குச் 'சாரதி முறிவு' என்ற பொருளுடைய பெயர் இன்றும் இருக்கிறது. ஒரு தொழில் ஒழிந்த பின்னும் அதன் காயம் பெயரளவில் உயிரோடிருக்கிறது.

உதைப்பது மட்டுமல்ல. மாடல் டியின் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் மூழ்கியிருப்பவை. பனிக்காலத்தில் அந்த எண்ணெய் பாகுபோல் இறுகி, கிளட்சை விடுவித்திருந்தாலும் தகடுகளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் கிளம்பிய கணமே கார் முன்னால் நிற்பவன்மேல் ஊர ஆரம்பிக்கும். விவரமறிந்தவர்கள் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுத்தான் கைப்பிடியைத் தொட்டார்கள்.

*

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை என்பதுதான் பட்டறை நண்பரின் கேள்விக்குக் கூர்மை தருவது. சார்லஸ் கெட்டரிங் 1911இலேயே மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கிவிட்டார். 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டு வந்தது. கெட்டரிங் அதற்கு முன் கல்லாப்பெட்டி செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்து, அந்தப் பெட்டிகளுக்கு மின்மோட்டார் வைத்தவர். கல்லாப்பெட்டியின் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. சில வினாடிகள், மிகுந்த விசையோடு, பிறகு ஓய்வு. எஞ்சினைச் சுற்றவும் இதுவே போதும் என்று கண்டதுதான் அவருடைய நுண்ணறிவு. தொடர்ந்து உழைக்கும் மோட்டாரைக் கற்பனை செய்தவர்கள் அதன் பருமனைக் கண்டு மலைத்துப் பின்வாங்கியிருந்தார்கள்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு தொன்மக் கதையும் உண்டு. பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் பாலமொன்றில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரைக் கிளப்ப உதவப்போய், கைப்பிடி உதைத்துத் தாடை உடைந்து, நிமோனியா கண்டு இறந்தார். அவருடைய நண்பரும் காடிலாக்கின் தலைவருமான ஹென்றி லீலண்ட் மனம் வெதும்பி, இனி என் கார் யாரையும் கொல்லாது என்று உறுதிகொண்டார் என்று சொல்வார்கள். கார்ட்டர் 1908இல் இறந்தது மெய். மற்றவை எவ்வளவு மெய் என்பதில் ஆய்வாளர்கள் பலர் ஐயம் கொண்டிருக்கிறார்கள். நாங்களும் அப்படியே. கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் ஒரு பிணமும் ஒரு சபதமும் வேண்டும் என்று கேட்பது நம் தல புராணங்களுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல போலும்.

காடிலாக் வாங்க முடிந்தவன் கை 1912இலேயே தப்பித்தது. ஃபோர்ட் வாங்கியவன் 1919 வரை காத்திருந்தான். இந்த ஏழாண்டு இடைவெளியில்தான் வீட்டுக் கொட்டகைகளின் பொற்காலம் நிகழ்கிறது.

இருக்கையில் அமர்ந்தபடியே இழுக்கும் கம்பிக் கயிறும் நெம்புகோலும், முறுக்கி வைத்து விடுவிக்கும் சுருள்வில், அழுத்தப்பட்ட காற்று, விளக்குக்கு வைத்திருந்த அசிட்டிலீன் வாயுவையே சிலிண்டருக்குள் செலுத்திப் பற்றவைப்பது என்று எத்தனையோ விதமான ஸ்டார்ட்டர்கள் தபாலில் வந்தன. ஒவ்வொன்றையும் வாங்கியவனே பொருத்திக்கொள்ள வேண்டும். பாஸ்டனின் கிரே அண்டு டேவிஸ் போன்ற நிறுவனங்கள் ஃபோர்டுக்கென்றே மின்சார ஸ்டார்ட்டரும் விளக்கும் சேர்ந்த தொகுப்பை விற்றன. சியர்ஸ் ரோபக்கின் பட்டியல் புத்தகம் இந்தப் பாகங்களுக்கான வேதநூலாயிற்று. கன்சாஸ் சிட்டியில் ஜார்ஜ் பெப்பர்டைன் என்ற இளைஞர் 1909இல் 5 டாலருக்கு 500 தபால்தலைகள் வாங்கிக் கார் உரிமையாளர்களுக்கு விளம்பரத் தாள் அனுப்பித் தொடங்கிய வியாபாரம், ஃபோர்ட் கொடுக்காமல் விட்டவற்றை விற்றே வெஸ்டர்ன் ஆட்டோ என்ற பெரும் கடைச் சங்கிலியாக வளர்ந்தது. அந்தப் பணத்தில்தான் அவர் 1937இல் கலிபோர்னியாவில் கல்லூரி ஒன்றை நிறுவினார். இன்று அது பெப்பர்டைன் பல்கலைக்கழகம். காரில் விடுபட்ட பாகங்களால் கட்டப்பட்ட பல்கலைக்கழகம் என்று சொன்னால் மிகையாகுமோ என்னவோ, முற்றிலும் பொய்யாகாது.

*

1919இல் ஃபோர்ட் தானே மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது. கூரையும் கதவுக் கண்ணாடிகளும் கொண்ட மூடிய கார்களில் அது உடன் வந்தது. திறந்த கார்களுக்கு விருப்பத்தின் பேரில், தனி விலையில். 1925 வாக்கில் விளம்பரங்கள் இப்படித்தான் இருந்தன: திறந்த கார் 260 டாலர், ஸ்டார்ட்டரும் கழற்றி மாட்டத்தக்க சக்கர விளிம்புகளும் வேண்டுமானால் மேலும் 85 டாலர். காரின் விலையில் மூன்றிலொரு பங்கு! உழவன் ஒருவன் இந்த 85 டாலரைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, 'இப்போதைக்குக் கை இருக்கிறது' என்று முடிவு செய்திருப்பான் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

ஆனால் ஆலை ஒரு காரியம் செய்திருந்தது. ஸ்டார்ட்டருக்காக எஞ்சினின் வார்ப்பே மாற்றப்பட்டது. முன்புறம் டைனமோ உட்காருவதற்கு இடம், கியர்ப் பகுதியின் மூடியில் ஸ்டார்ட்டர் நுழைவதற்குத் துளை. ஸ்டார்ட்டர் இல்லாமல் விற்ற கார்களில் இந்த இடங்களைத் தகடு வைத்து அடைத்து அனுப்பினார்கள். நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் மொட்டை மாடியில் தூண் கம்பிகளை நீட்டியபடியே விட்டுவைப்பதைப் போல. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்போது மாடி எழும்பும். அதுவரை கம்பிகள் மழையில் துருப்பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தத் தகடும் அப்படி ஒரு வாக்குறுதிதான்.

பிற்பாடு பணம் சேர்ந்து, ஆலையின் பாகங்களையே வாங்கி வீட்டில் பொருத்த முனைந்தவனுக்குக் காத்திருந்த வேலை சிறியதல்ல. தகடுகளைக் கழற்றுவது எளிது. ஸ்டார்ட்டரின் சிறு பல்சக்கரம் கடித்துச் சுற்றுவதற்கு ஃப்ளைவீலைச் சுற்றிப் பல்வளையம் வேண்டுமே. அது இல்லாத எஞ்சினில் வளையம் ஏற்ற வேண்டுமானால் எஞ்சினையே சட்டத்திலிருந்து வெளியே தூக்க வேண்டும். அந்த ஃப்ளைவீலோ சாதாரணச் சக்கரமன்று. காருக்குப் பொறி தரும் மின்சாரம் பிறப்பதே அங்கேதான். 16 காந்தங்கள் அதன்மேல் திருகப்பட்டிருக்கும், அவற்றுக்கு எதிரே அசையாத 16 கம்பிச்சுருள்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஏறக்குறைய 1/32 அங்குலம். திரும்பப் பூட்டும்போது அது கூடிவிட்டால் மின்சாரம் தளரும். குறைந்தால் காந்தம் சுருளில் உரசிக் கெடும். வைக்கோலும் தூசியும் நிறைந்த கொட்டகையில், விளக்கு வெளிச்சத்தில், இந்த இடைவெளியைச் சரிபார்த்தவனை நாம் சற்று மரியாதையுடன்தான் நினைக்க வேண்டும். அதன்பின் டைனமோவின் பல்சக்கரத்தை எஞ்சினின் பல்சக்கரத்தோடு இரைச்சலின்றி இணைப்பது, பின்புறத் தளத்தின் அடியில் 6 வோல்ட் பேட்டரிக்கு இருப்பிடம் செய்வது, காலால் மிதிக்கும் பித்தானுக்குத் தரைப்பலகையில் துளையிடுவது, கனத்த கேபிளை உராயாமல் கொண்டுபோவது.

1919க்கு முந்தைய கார் வைத்திருந்தவன் பாடு இன்னும் கடினம். அவன் எஞ்சினில் டைனமோவுக்கு இடமே கிடையாது. ஆனால் ஃபோர்டின் பிடிவாதம் இங்கே அவனுக்குத் துணை வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் அடிப்படையை மாற்றாமலே ஒரே காரைச் செய்துகொண்டிருந்ததால், நொறுங்கிய புதுக் கார் ஒன்றின் எஞ்சினை முழுதாக வாங்கி வந்து பழைய சட்டத்தில் இறக்கினால் உட்கார்ந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் அவனுக்குக் கிடைத்தது ஸ்டார்ட்டர் மட்டுமன்று, வெளிச்சமும்கூட. அதுவரை முன்விளக்குகள் ஃப்ளைவீலின் மின்சாரத்தில் எரிந்தன. வேகமாகப் போனால் பளீரென்றும், மெதுவாகப் போனால் மங்கியும். இருட்டில் குண்டும் குழியுமான இடத்தில் வேகத்தைக் குறைப்பவனுக்கு, வெளிச்சம் மிகத் தேவைப்படும் அந்தக் கணத்தில்தான் விளக்கு அணைவதுபோல் மங்கும். பேட்டரி அதைத் தீர்த்தது.

*

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. ஸ்டார்ட்டரைப் பெண்களுக்கான வசதி என்றே அன்றைய விளம்பர உலகம் நெடுநாள் பேசிவந்தது. ஃபோர்ட் அதை முதலில் மூடிய கார்களுக்குக் கொடுத்ததிலும் அந்த எண்ணத்தின் நிழல் இருக்கலாம். வர்ஜீனியா ஷார்ஃப் 1991இல் எழுதிய 'டேக்கிங் தி வீல்' நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வசதி என்பதற்கே பெண்பால் விகுதி சேர்த்துவிட்டு, ஆண்களும் அதை மறைமுகமாக அனுபவித்தார்கள் என்பதை அந்நூல் நமக்குக் காட்டுகிறது. முறிந்த மணிக்கட்டுகள் பெரும்பாலும் யாருடையவை என்று எண்ணிப் பார்த்தால் இதன் வேடிக்கை விளங்கும்.

வீட்டில் காரை மாற்றியமைத்த இந்த மக்களைப் பற்றி அறிஞர்கள் கவனம் கொண்டது மிகப் பிந்தித்தான். ரொனால்ட் கிளைனும் டிரெவர் பிஞ்சும் 1996இல் எழுதிய கட்டுரையில், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் பெல்ட் மாட்டித் துணி துவைக்கவும் சோளம் அரைக்கவும் மரம் அறுக்கவும் காரைப் பயன்படுத்திய கிராமத்தாரை ஆராய்கிறார்கள். ஒரு பொருள் என்ன என்பதை அதைச் செய்தவன் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது அவர்கள் வாதம். கேத்லீன் ஃபிரான்ஸின் 2005ஆம் ஆண்டு நூல் 'டிங்கரிங்' இன்னொரு பக்கத்தைச் சொல்கிறது: இப்படி வீட்டில் பிறந்த யோசனைகள் பலவற்றைப் பின்னர் நிறுவனங்கள் தமதாக்கிக்கொண்டன, கார் முழுமையடைய முழுமையடைய, அதை முடித்துவைத்தவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஃபோர்ட் நிறுவனம் அயலார் பாகங்களை விரும்பியதில்லை. விதிவிலக்காக, ரக்ஸ்டெல் என்ற இரட்டை வேகப் பின்அச்சு ஃபோர்ட் முகவர்கள் வழியாகவே விற்கப்பட்டது. மாடல் டியின் இரண்டே கியர்களுக்கு நடுவிலிருந்த பள்ளத்தை அது நிரப்பியது. 1926இல் திறந்த கார்களுக்கும் ஸ்டார்ட்டர் உடன்வரும் பொருளாயிற்று. மறு ஆண்டு மாடல் டியே முடிவுக்கு வந்தது. டிசம்பரில் வெளிவந்த மாடல் ஏயில் ஸ்டார்ட்டர், பெட்ரோல் அளவு காட்டி, வேகங்காட்டி, உடைந்தாலும் சிதறாத முன்கண்ணாடி எல்லாம் இருந்தன. தபாலில் வாங்கிக் கொட்டகையில் பூட்டியவை பெரும்பாலும் அதனுள்ளே போய்விட்டன.

இப்போது பட்டறை நண்பரின் கேள்விக்கு வருவோம். எங்கள் எண்ணம் இது. ஒயிட்டின் களிப்பு போலியானதல்ல. தன் கையால் முடித்த பொருளின்மேல் மனிதனுக்கு வரும் உரிமையுணர்வை அவர் நன்றாகவே கண்டார். ஆனால் அந்தக் களிப்பு எதன்மேல் எழுந்தது என்பதை அவர் சிரித்தபடி கடந்துவிட்டார். குளிரில் ஊர்ந்து வரும் காரை அவர் பிரியமான வளர்ப்பு விலங்காகப் பார்க்கிறார். ஏழாண்டுக் காலம் தீர்வு தெரிந்திருந்தும், அதைச் சேர்த்தால் விலை ஏறும் என்று விட்டுவிட்ட நிறுவனம், அந்த மிச்சத்தை வாங்கியவனின் கையெலும்பிலிருந்து எடுத்துக்கொண்டது. உருகிப்போன நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. முழுமையாகச் செய்திருந்தால் அந்த உழவனுக்குக் காரே கிடைத்திராது, ஸ்டார்ட்டர் இல்லாத கார் குதிரையைவிட மேல் என்று அவனே தேர்ந்துகொண்டான் என்கிறார். அதையும் எளிதில் தள்ள முடியவில்லை. தகடு வைத்து அடைத்த துளையாவது அவனுடையதாக இருந்தது. பணம் சேரும்போது திறக்க அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

2022இல் பி.எம்.டபிள்யூ சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதியை மாதச் சந்தாவுக்கு விற்க முற்பட்டது. சூடாக்கும் கம்பிகள் ஏற்கெனவே இருக்கைக்குள் இருக்கும். சந்தா கட்டினால் மென்பொருள் திறந்துவிடும். பெரும் எதிர்ப்புக்குப் பின் 2023இல் இருக்கைக்கான சந்தாவைக் கைவிட்டார்கள். இந்தச் செய்தியைச் சொன்னதும் பட்டறை நண்பர் சிரித்தார். "நாங்கள் கழற்றியிருப்போம்" என்றார்.

அவருடைய இளமையில் ஓடிய அம்பாசடர்களில் கைப்பிடி செருகும் துளை முன்னால் இருந்ததாம். செல்ஃப் இருந்தது, பேட்டரி கைவிட்ட காலைகளில் டிக்கியிலிருந்து கைப்பிடியை எடுத்து வருவார்களாம். இடக்கையால் இழுக்க வேண்டும், கட்டைவிரலை மடக்கக் கூடாது என்று தனக்குச் சொல்லிக்கொடுத்த முதலாளி மாடல் டியைப் பார்த்தவராக இருக்க முடியாது என்றார். பேசிக்கொண்டே, தேநீர்க் குவளையைக் கட்டைவிரல் படாமல் நான்கு விரல்களால் பிடித்துக் காட்டினார்.